தண்ணீருக்கு அடியில் ஒரு படலம்

அமிலநீரில் உலோகத்தின் மேல் ஒரு காப்புப் படலம் உருவாகிறது என்பது என் மகனின் கண்டுபிடிப்பு. அதைப் பற்றி வெளியூர்க்காரன் ஒருவன் சந்தேகம் கிளப்பினான். "எங்கள் சோதனையில் அந்தப் படலம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தான். இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மருமகள் அதே சோதனையைத் திரும்பச் செய்த அன்று, ஓய்வுபெற்ற பேராசிரியன் என்ற உரிமையில் நானும் ஆய்வுக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

உலோகத் தகட்டை அமிலநீரில் முக்கி மெல்லத் தூக்கினாள். தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு நீர் ஒட்டி நின்றது. சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி வளையத்திலிருந்து வந்த எக்ஸ் கதிர் அந்த நீரைத் துளைத்து, உலோகமும் நீரும் தொடும் இடத்திலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கியது. அவற்றின் ஆற்றல் திரையில் ஒரு கோடாக ஓடியது. மகன் சொன்ன இடத்திலேயே கோட்டில் ஒரு மேடு எழுந்தது. அமிலம் அரிக்காமல் உலோகத்தைக் காக்கும் படலத்தின் அடையாளம் அது. அதை நம்பித்தான் ஒரு தொழிற்சாலை புது அமிலத் தொட்டியைக் கட்டியிருந்தது.

"பார்த்தியா? என் பிள்ளை சொன்னா சொன்னதுதான்."

"அவசரப்படாதீங்க மாமா. உங்க பிள்ளை சமையல்லயும் இப்படித்தான். ருசி பார்க்கறதுக்கு முன்னாடியே பிரமாதம்பார்."

கதிர் வேறிடத்தில் விழும்படி தகட்டைச் சற்று நகர்த்தினாள். மேடு இல்லை. காத்திருந்தோம். புண் வீங்குவதுபோல அது மெல்ல எழும்பியது. இன்னோர் இடத்திலும் முதலில் ஒன்றுமில்லை. பிறகு அதே வீக்கம்.

"கதிர் பட்டாத்தான் வருது மாமா. நாம பார்க்கிறதுதான் அதை உண்டாக்குது."

"அப்போ தொட்டிக்குள்ள?"

"அங்க ஏது கதிர்? வெறும் உலோகம்தான். அமிலம் அரிச்சு ஓட்டை போட்டுடும்."

தொலைபேசியை எடுத்தவளைத் தடுத்தேன். "நான் சொல்றேன். அவன் தலைகுனியணும்னா என்கிட்ட குனியட்டும்."

தொட்டியின் திறப்பு விழாவுக்குப் போயிருந்த மகன் உடனே எடுத்தான். பின்னால் கைதட்டல் கேட்டது.

"தொட்டியை நிரப்பாதேடா."

"காலையிலேயே நிரப்பியாச்சுப்பா. அடியில குழாய் மாட்டிட்டு இருக்காங்க. முதலாளி மேடையில என்னைப் பத்திதான் பேசறார்."

"அடியில இருக்கிற ஆட்களை வெளியே வரச் சொல்லு. படலம்னு ஒண்ணும் இல்ல. நாம சொன்னது தப்பு."

"இத்தனை பேர் முன்னாலயாப்பா?"

அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"இத்தனை பேர் முன்னாலதான். சத்தமா சொல்லு."

மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசிக்குள் யாரோ சிரித்தார்கள். இரும்பின் மேல் சுத்தியல் தட்டும் ஓசை இன்னும் வந்துகொண்டே இருந்தது.