கடைசிப் பக்கம் ஐம்பது ரூபாய்

இருபத்து மூன்று பேர். அதில் ஒருவன் என் அண்ணன் சுதீர். மாதா மாதம் நான் நச்சரிப்பதைக் கேட்பதைவிட ஐம்பது ரூபாயை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று கட்டுகிறவன். அவனைக் கழித்தால் இருபத்திரண்டு.

வாரம் ஒரு படக்கதை வரைந்து நெட்டில் போடுகிறேன். 'துலுக்காணம்மாவும் பால் மிஷினும்' என்று பெயர். துலுக்காணம்மாவுக்கு இரண்டு எருமை. ஊர்ப் பால் சென்டரில் பாலில் எவ்வளவு ஃபேட், அதாவது கொழுப்பு, என்று பார்க்கிற மிஷின் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து நம்பரைச் சொல்கிற செகரட்டரி மேல் சுத்தமாகக் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து பக்கம் வரும். நான்கு பக்கம் யாரும் பார்க்கலாம். கடைசிப் பக்கம் மட்டும் மாதம் ஐம்பது ரூபாய் கட்டினவர்களுக்கு.

ஒரு பக்கத்துக்கு ஒரு மதியம் போய்விடும். காலை வேளையில் திருப்பதியில் ரங்கையாவின் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், தலைவர் பிறந்தநாள் என்று ஊரில் உள்ள முகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் வெள்ளையாக்குவேன். பிப்ரவரியில் ரங்கையா கூப்பிட்டார்.

"யமுனாம்மா, உகாதிலருந்து ஃபுல் டே வரணும். கல்யாண சீசன். அர நாளு கத எல்லாம் இனிமே ஆவாது. முடியலன்னா சொல்லிடு, வேற ஆளு பாத்துக்கறேன்."

"மதியத்துக்கு மேல எனக்கு வேல கீது சார்."

"இன்னா வேல? எரும வரையறதா?"

எருமை வரைகிறேன் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருந்தேன். படத்தைக் காட்டியதில்லை. காரணம், அந்தச் செகரட்டரி. மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பேனா, பேசும்போது மோதிர விரலால் மேஜையைத் தட்டுகிற பழக்கம், எல்லாமே ரங்கையா. வீட்டில் தமிழ் பேசினாலும் அவர் புத்தூரில் தெலுங்கு மீடியத்தில் படித்தவர், தமிழ் எழுத்து தெரியாது. என் பக்கத்துக்கு வரப்போகிறவர் இல்லை என்ற தைரியத்தில் வரைந்துவிட்டேன்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முழு நாள் போனால் துலுக்காணம்மா இல்லை. கடையை விட்டால், சோற்றுக்கும் நெட்டுக்குமாவது நூறு பேர் கட்ட வேண்டும். என்னிடம் இருப்பது இருபத்து மூன்று. உகாதிக்கு ஏழு வாரம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ஃப்ளெக்ஸ் சாம்பிள் கொடுக்க பஸ்ஸில் சித்தூருக்குப் போனேன். சந்திரகிரியில் ஏறின ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு போனை எடுத்தாள். போனிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. "ஆங், கேளுங்கபா. துலுக்காணம்மா போறா. மிஷின பாக்கறா. இன்னாடா ஃபேட்டுன்றா."

என் வசனம். நான் எழுதின வசனம். துலுக்காணம்மாவுக்கு அவன் பூனை கத்துகிற மாதிரி ஒரு குரல் கொடுத்திருந்தான். நடுநடுவே நான் எழுதாத ஜோக் வேறு. எருமையை மாமியாரோடு சேர்த்து ஒன்று சொன்னான். பஸ்ஸில் முன்சீட்டு வரைக்கும் சிரிப்பு. என் ஜோக் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தான்.

"அக்கா, இத யாரு எழுதனது தெரிமா?"

"யாரு எழுதறது? நம்ம சிட்டிபாபு. எம்புள்ளையோட குவைத்துல ஒரே ரூம்ல கீறான். வெள்ளிக்கெழம ஆனா அனுப்பிடுவான். அந்த வாயிக்கு அவன் நாடகத்துல சேந்திருக்கணும்."

"அவரு எழுதல அக்கா. அது படமா வர்றது. கடைசிப் பக்கத்துக்குக் காசு."

"காசா?" சந்திரம்மா (பெயரைப் பிறகுதான் கேட்டேன்) என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மாவே வருதே. எந்தக் கிறுக்கு காசு குடுக்கும்?"

இருபத்து மூன்று கிறுக்கு. ஏழாவது கிறுக்கு சிட்டிபாபு. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பெயர், நம்பர், கட்டின தேதி எல்லாம் சரியாக இருந்தது. அன்று சாயங்காலமே எழுதி அனுப்பினேன்.

'ஒன்று. கடைசிப் பக்கம் காசு கட்டினவர்களுக்கு மட்டும். இரண்டு. அதைத் தாங்கள் வாயால் ஊருக்கே கொடுத்துக்கொண்டு இருக்கிறீர்கள். மூன்று. என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. நான்கு. துலுக்காணம்மாவுக்கு வயது ஐம்பத்தைந்து, பூனைக்குரல் அல்ல. ஐந்து. மாமியார் ஜோக் நான் எழுதியது அல்ல. பதில் எதிர்பார்க்கிறேன்.'

பதில் எழுத்தில் வரவில்லை. போனே வந்தது.

"அக்கா, நெஜமாவே நீங்களா? டேய், துலுக்காணம்மா வரையற அக்காடா!" பின்னால் நாலைந்து பேர் கத்தினார்கள். யாரோ விசிலடித்தான்.

"சிட்டிபாபு, நான் கோவமா கீறேன்."

"தெரிது அக்கா. அஞ்சு பாயிண்டு போட்டுக்கிறீங்களே."

"ஏன்பா இப்படிப் பண்றே? நீ படிச்சிக் காட்டிட்டா எவன் காசு கட்டுவான்?"

"அக்கா, ரூம்ல நாங்க பதினாலு பேரு. எல்லாம் சத்தியவேடு, நகரி பக்கம். பேச்சு நம்ம பேச்சு, படிப்பு தெலுங்கு. நான் ஒருத்தன்தான் ஊத்துக்கோட்டைல தமிழ் படிச்சவன். நான் படிக்கலன்னா அவனுங்க இன்னா பண்ணுவானுங்க?"

"படத்தப் பாக்கட்டும்!"

"எரும சூப்பரா கீது அக்கா, அத நான் ஒத்துக்கறேன். ஆனா எழுத்து ஜாஸ்தி."

எழுத்து ஜாஸ்தி. ஒரு வசனத்தை நாலு தடவை அடித்து எழுதுகிறவளிடம் இவன் சொல்கிறான், எழுத்து ஜாஸ்தி. நிறுத்த முடியுமா முடியாதா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை சோறு துன்னுட்டு எல்லாரும் காத்துக்கினு இருப்பானுங்க, எப்படி அக்கா நிறுத்தறது என்றான். போனை வைத்துவிட்டேன்.

சரி. எழுத்து இருந்தால்தானே படிப்பான்?

உகாதிக்கு முந்தின வாரத்துக்கு ஐந்து பக்கம் வரைந்தேன். ஒரு எழுத்து கிடையாது. துலுக்காணம்மா கியூவில் நிற்கிறாள். முந்தானைக்குள் எதையோ மறைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். கடைசிப் பக்கத்தில் அதை வெளியே எடுத்து மிஷினில் ஊற்றுகிறாள்: செகரட்டரியின் சொந்த வீட்டுக் காபி, அவருடைய டம்ளரிலிருந்தே. மிஷின் அதற்கும் ஒரு ஃபேட் நம்பர் காட்டுகிறது. அவர் வாய் திறந்தபடி இருக்கிறது. அந்த வாய்க்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று. படித்துக் காட்ட ஒன்றுமில்லை. இந்த வாரம் குவைத் அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சுதீர், தான் இருக்கிற ஒரு வாட்ஸாப் குழுவில் வந்த சிட்டிபாபுவின் குரல் பதிவை எனக்கு அனுப்பினான். ஏழு நிமிஷம்.

"கேளுங்கபா. இந்த வாரம் பேச்சே இல்ல, வரையற யமுனாக்கா எம்மேல கோவத்துல கீது. பரவால்ல, நானே சொல்றேன். துலுக்காணம்மா ஒரு கல்லு எடுத்துக்கினு போறா..."

கல்லு! அவன் போன் திரை உடைந்து, விரிசல் டம்ளருக்கு நேராக ஓடுகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்லைத் தூக்கி மிஷின் மேல் போட்டாள், மிஷின் நொறுங்கியது, செகரட்டரி ஓடினான் என்று போய்க்கொண்டே இருந்தான். என் காபி போச்சு. என் வாய் போச்சு. மறுப்பு எழுத ஒன்று, இரண்டு என்று போட்டு உட்கார்ந்தேன்.

அதற்குள் அந்தக் குழுவிலேயே காசு கட்டின இன்னொருவன், பெங்களூரில் இருக்கிறவன், கல் இல்லை, டம்ளர் என்று சொல்லிவிட்டான். சிட்டிபாபு விடவில்லை. "கண்ணு தெரியாதவன் எல்லாம் பேசறான்" என்றான். சந்திரம்மாவின் மகன் இருவருமே தப்பு, அது பேட்டரி என்றான். அவன் காசு கட்டாதவன், அதனால் எல்லாரும் அவனை ஓட்டினார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அவன் கட்டினான். டம்ளர்தான் என்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல், எந்த டம்ளர் என்று ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொன்று. செவ்வாய்க்கிழமை அறுபத்து நான்கு. முக்கால்வாசிப் பேர் படக்கதைக்காகக் கட்டவில்லை, சண்டைக்காகக் கட்டினார்கள். படம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர்கூட எழுதவில்லை.

வியாழக்கிழமை எண்பத்தொன்று. நூறு இல்லை. காலையில் கடைக்குப் போனபோது, விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்வதா, முழு நாள் வருகிறேன் என்று சொல்வதா, இன்னும் முடிவாகவில்லை. உள்ளே ரங்கையாவும் ஆட்டோ ஓட்டுகிற முனிரத்தினமும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கல்லுய்யா. சிட்டிபாபு சொன்னானே!"

"சார், டம்ளராம் சார். எங்க அக்கா வூட்டுக்காரரு பாத்தாராம்."

வாசலிலேயே நின்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "டம்ளர்தான் சார்."

"உனக்கு இன்னா தெரியும்?"

"நான்தான் வரைஞ்சேன்."

ரங்கையா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். "எரும வரையறேன்னியே, அது இதானா? நாங்க மூணு மாசமா கேட்டுக்கினு கீறோமே! எங்க, காட்டு."

எண்பத்தொன்று என்ற எண் கண்ணுக்குள் நின்றது. வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

"அம்பது ரூபா சார்."

"கடைல வேல செய்றவ மொதலாளிகிட்டயே காசா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே கட்டினார். கண்ணாடியை மூக்கு நுனியிலிருந்து நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டம்ளர்தான்" என்றார். மோதிர விரல் மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. எட்டிப் பார்த்த முனிரத்தினம், ஃபேனைப் பார்க்கத் தொடங்கினான்.

"மிஷின் பக்கத்துல ஒக்காந்துக்கினு கீறது யாரும்மா?"

"செகரட்டரி சார்."

"மூணு பேனா வச்சிக்கினு கீறாரு."

"செகரட்டரிங்க வெப்பாங்க சார்."

அவர் தன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்தார். "எனக்கு வவுறு இவ்ளோ இல்ல."

நான் திரையில் செகரட்டரியின் வயிற்றைப் பார்த்தேன்.

"கொறச்சிடு. தசரா வரைக்கும் அர நாளே வந்துக்க. அப்பறம் பாக்கலாம்." போனை மேஜை மேல் வைத்தார், மறுபடி எடுத்தார். "இவருக்கு அடுத்து இன்னா ஆவுது?"

"ஒன்னும் ஆவாது சார். நல்லா இருப்பாரு."

செகரட்டரிக்கு மாற்றல் போட்டு, பலமனேர் பஸ்ஸில் உட்கார வைத்து, நான்கு பக்கம் முடித்து வைத்திருந்தேன். மறுநாள் காலையில் போட வேண்டியது. மதியம் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அவரை பஸ்ஸிலிருந்து இறக்கினேன். வயிற்றைக் குறைத்தேன். கண்ணாடியை மட்டும் மூக்கு நுனியிலேயே விட்டுவிட்டேன்.