நான்கு முதல் தலைவர்கள்

அமெரிக்காவின் ஃபிரிஸ்கோ நகரில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா அழைப்பிதழ் பாதியில் நின்றது. முதல் தலைவர் நான்தான் என்று நான்கு பேர் அடம்பிடித்தார்கள். செயலாளர் முகிலன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை சாந்தாமணிக்கு போன் போட்டான்.

"அக்கா, 'முதல் தலைவர்'ங்கற அர்த்தத்துல இன்னும் மூணு வார்த்தை குடுங்க. யாருக்கும் கம்மியா தெரியக்கூடாது, ப்ளீஸ்!"

ஆதித் தலைவர், மூலத் தலைவர், தொடக்கத் தலைவர் என்று வாரி வழங்கினாள் சாந்தாமணி. சங்கத்தின் முதல் கூட்டத்தைக் கூட்டியதே அவள்தான், தன் வீட்டு கராஜில். அன்று அந்த நால்வரும் செய்த ஒரே தொண்டு, உப்புமாவில் உப்பு போதவில்லை என்றது.

அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது. நால்வரும் கோட்டு சூட்டில் பளபளத்தார்கள். அவள் தன் பெயரைத் தேடினாள். கடைசி வரியில் இருந்தாள்: 'மற்றும் பலர்.'