ஒரே கட்டத்துக்குள் இரண்டு கீ

போன எக்ஸ்போர்ட்டில் என் மனைவி திலகாவைக் கட்டம் போடாமல் அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் இது அவ்வப்போது நடப்பதுதான். கீழ் வீட்டுக்காரருக்கும் இப்படி ஆகி, அவர் இப்போது மாடிப்படியில் ஒரு படியாக இருக்கிறார். தெரிந்தவர்கள் மிதிக்காமல் தாண்டிப் போவோம்.

கட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தறி மிஷின் கம்பெனியில் கையேடு எழுதுவது என் வேலை. எழுதுவது வெறும் எழுத்து ஃபைல். அதில் தடித்த எழுத்து கிடையாது, கலர் கிடையாது. கீபோர்டில் அமுக்க வேண்டிய கீயின் பெயர் வந்தால் அதற்கு முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி போட வேண்டும். அந்த ஃபைல் எக்ஸ்போர்ட் ஆகி அச்சுப் பக்கமாக மாறியதும் கொக்கிகள் மறைந்து, பெயரைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் வரும். பார்த்தாலே அமுக்கத் தோன்றும். கொக்கி போடாவிட்டால் கீயும் மற்ற சொற்களோடு சேர்ந்து கரைந்துவிடும். படிக்கிறவர் கண் நிற்காமல் போய்விடும்.

திலகாவும் அப்படித்தான் கரைந்துகொண்டிருந்தாள். பால்காரர் அவளைத் தாண்டி என்னிடம் பாக்கெட்டை நீட்டினார். ஊரிலிருந்து வந்த என் தங்கை அவள் மடியிலேயே பையை வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். நான் அறையைப் பார்த்தால் ஜன்னல் திலகா நாற்காலி ஃபேன் என்று ஒரே ஓட்டமாக வந்தது. அவள் எங்கே முடிகிறாள், நாற்காலி எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

“மாமா, என்னைப் பாருங்க.”

“பாத்துட்டுத்தான் இருக்கறேன்.”

“அது ஃபேனுங்க மாமா.”

அன்று சாயங்காலம் அடுத்த எக்ஸ்போர்ட். அதற்குள் கட்டம் போடாவிட்டால் அப்புறம் தேடினாலும் அவள் கிடைக்க மாட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் கூட்டத்தோடு கலந்துவிடுவாள் என்று இறங்கும்வரை பிடியை விடவில்லை.

கம்பெனிக்குள் போகிற வழியில் நவநீதனின் மேஜை. வேலைக்குப் புதுசு. எழுந்து நின்றான்.

“அண்ணா, ரெண்டு கீயைச் சேத்து அமுக்கோணும்னா ஒரே கட்டமுங்களா?”

“எத்தனை வாட்டிப்பா சொல்றது? ஒவ்வொண்ணுக்கும் தனிக் கட்டம். நடுவுல பிளஸ். ரெண்டையும் ஒரே கட்டத்துல அடைச்சா, அப்பிடி ஒரு கீ இருக்குதுன்னு சனங்க தேடிட்டு உக்காந்திருக்கும்.”

“சரிங்ண்ணா,” என்று இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் திலகா அவன் மேஜையோடு சேரப் பார்த்தாள். இழுத்துக்கொண்டு நடந்தேன்.

கொக்கி தரும் கவுன்டர் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. தாழ்வாரம் நீளமாகிவிட்டால் மடங்கி, கீழ்மாடியில் இடது சுவரிலிருந்து தொடரும். அன்று அது மடங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் அவள் வந்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன். வந்திருந்தாள், கொஞ்சம் மங்கலாக.

கவுன்டரில் ஈஸ்வரமூர்த்தி வறுகடலை தின்றுகொண்டிருந்தார்.

“சொல்லுங்க.”

“என்ற வீட்டுக்காரிக்கு ஒரு ஜோடி கொக்கி வேணுங்க.”

“கீக்கு மட்டுந்தானுங்க கொக்கி. இவங்களை அமுக்குனா என்னங்க நடக்கும்?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. நான் யோசித்தேன்.

“சோறாக்குவாளுங்க.”

“அதுக்குக் குக்கர் இருக்குதுங்க.”

“வெளக்குப் போடுவாளுங்க.”

“சுவிட்ச்சு.”

“பேசுவாளுங்க.”

“ரேடியோ.” கடலைத் தோலை ஊதினார். “அமுக்கி ஒண்ணும் நடக்கலீன்னா கட்டம் கெடையாதுங்க. எழுத்தாவே இருந்துட்டுப் போகட்டும். எத்தனையோ பேரு அப்பிடித்தான் இருக்கறாங்க.”

திலகா அதற்குள் கவுன்டர் பலகையோடு பாதி சேர்ந்திருந்தாள். பலகையிலிருந்து அவளே பேசினாள்.

“என்னைத் தனியா அமுக்குனா ஒண்ணும் நடக்காதுங்க. இவரு கூட இருக்கோணும்.”

ஈஸ்வரமூர்த்தி மெல்லுவதை நிறுத்தினார்.

“ஷிஃப்ட் கீ மாதிரிங்களா?”

“ஆமாங்க.”

“இவரை மட்டும் தனியா அமுக்குனா?”

“சின்ன எழுத்துத்தானுங்க வரும்.”

அது உண்மை.

“ஷிஃப்டுக்குக் கட்டம் உண்டுங்க,” என்று டிராயரை இழுத்தார். காலி. “கொக்கி தீந்துபோச்சுங்களே. இனி எக்ஸ்போர்ட்டுக்கு அப்புறந்தான் வரும்.”

“அதுவரைக்கும் இவ இருக்க மாட்டாளுங்க.”

“உங்ககிட்ட ஒரு ஜோடி இருக்குதுங்களே.”

இருந்தது. கம்பெனியில் சேர்ந்த அன்று மாட்டியது. இடது தோளில் ஒன்று, வலது தோளில் ஒன்று. குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

“இவங்களுக்கு மாட்டிவிட்டா நீங்க கரைஞ்சிருவீங்க. வெறும் ஷிஃப்டை வெச்சு அப்புறம் என்னங்க பண்றது? யோசிச்சுக்கங்க.” கவுன்டர் கதவை இறக்கினார். கதவு இருந்த இடம் சுவராக இருந்தது.

எக்ஸ்போர்ட் மணி அடித்தது. மேல்மாடியிலிருந்து தாழ்வாரம் வரிவரியாகப் போகத் தொடங்கியது. நவநீதனின் மேஜை போனது. அவன் குரல் “அண்ணா” என்றது, அதுவும் போனது.

நான் வலது தோள் கொக்கியைப் பிய்த்தேன். தோலோடு வந்தது. திலகாவைப் பலகையிலிருந்து உருவி என் வலப்பக்கம் நெருக்கி நிறுத்தி, அவள் வலது தோளில் அதை மாட்டினேன். இப்போது என் இடப்பக்கம் ஒரு கொக்கி, அவள் வலப்பக்கம் ஒரு கொக்கி.

“மாமா, இது தப்புங்களே. இப்பத்தான அந்தப் பையனைத் திட்டுனீங்க?”

“தப்புத்தான்.”

“நடுவுல பிளஸ் வேண்டாமுங்களா?”

“எடமில்லை. ஒட்டி நில்லு.”

எங்கள் வரி வந்தது.

இப்போது நாங்கள் கையேட்டில் இருக்கிறோம். தறி ஓட்டுவது எப்படி என்ற பக்கம். எங்களைச் சுற்றிக் கட்டம் நன்றாக விழுந்திருக்கிறது. எங்களுக்குப் பின்னால் ‘கீயை அமுக்கினால் தறி ஓடும்’ என்று எழுதியிருக்கிறது. மேலே ஒரு தறிக்காரர் குனிந்து எங்களைப் படிக்கிறார். பிறகு கீபோர்டைப் பார்க்கிறார். விரலை ஒவ்வொரு வரிசையாக நகர்த்துகிறார். அப்படி ஒரு கீ இல்லை. அவருடைய தறி நிற்கிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

“மாமா, இருக்கறீங்களா?” என்றாள் திலகா.

“இருக்கறேன்.”

“என்னைப் பாருங்க.”

கட்டம் ஒரு வரி உயரம்தான். கழுத்தைத் திருப்ப இடமில்லை. அவள் முகத்தை இனி நான் பார்க்க முடியாது. தோள் படுகிறது.

“பாத்துட்டுத்தான் இருக்கறேன்,” என்றேன்.

மேலே அந்த ஆள் மறுபடியும் முதல் வரிசையிலிருந்து தேடத் தொடங்கினார்.