எடை தங்கிப்போன வீடு

ஒரு சோப்புக் கட்டியின் கனம்கூட இல்லாத மின்னூல் வாசிப்புக் கருவி, எடைமேடைக்காரரின் மனைவி மகள் வீட்டிலிருந்து திரும்பிய அன்று மாலைக்குள் ஒன்றரை டன் ஆகிவிட்டது. அன்று மழை பெய்ததா இல்லையா என்பதில் தெருவில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எடையில் யாருக்கும் சந்தேகமில்லை.

எடைமேடைக்காரர், அதிக பாரம் ஏற்றி வந்த லாரிகளைத் திட்டித் திட்டியே ஓய்வுபெற்றவர். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட உள்ளங்கையில் வைத்து முதலில் கிராம் சொல்வார், பிறகுதான் மாப்பிள்ளை யாரென்று கேட்பார். மனைவி அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். முதலாளி அவசரத்தில் பிழையோடு அச்சேற்றிய ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து சிவப்பு மையால் திருத்துவார். ஒரு பிரதியாவது சரியாக இருக்கட்டும் என்பார். ஆக, அந்தப் புத்தகங்களின் பிழையில்லாத பிரதி பூமியிலேயே அந்தக் கூடத்து அலமாரியில்தான் இருந்தது. மகளின் பிரசவத்துக்கு அவர் போயிருந்த சமயம், கணவர் அதே தலைப்புகளைக் கருவிக்குள் ஏற்றிவிட்டு, அலமாரியைக் காலிசெய்து பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டார். பாரம் குறைவதெல்லாம் நன்மைக்கே என்று ஆயுள் முழுக்க நம்பிய ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

“தூசி இல்ல, கரையான் இல்ல. எழுத்தப் பூசணிக்கா சைஸுக்குப் பெருசாக்கலாம். ஒன்றரை டன் புத்தகத்த ஒத்தக் கையில தூக்குற, பாரு!” என்றார் பெருமையாக.

மனைவி முதல் புத்தகத்தைத் திறந்தார். அவர் அடித்துத் துரத்திய பிழைகளெல்லாம் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டு பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தன. சிவப்புப் பேனாவால் கண்ணாடியின் மேலேயே கோடு போட்டார். பக்கம் திருப்பியதும் பிழை போய்விட்டது. கோடு மட்டும் அங்கேயே நின்று, ஒரு பாவமும் அறியாத சொல்லை அடித்துக்கொண்டிருந்தது.

“நான் திருத்துனது எங்கங்க?”

“அதான் எல்லாம் உள்ள இருக்கே.”

“எங்கன்னு கேக்கறேன்.”

அந்தக் கோபத்தில் அடுப்பில்லாமலே பால் பொங்கியது. பக்கத்து வீட்டார் ஈரத் துணிகளைப் பொதுச் சுவரில் ஒட்டி ஒரு நொடியில் உலர்த்திக்கொண்டார்கள். கருவியை அவர் வீசக்கூட இல்லை. கீழே வைத்ததற்கே டைல்ஸ் பிளந்தது. தூக்கப் பார்த்த கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், “ஒன்றரை டன்” என்றார்.

மறுநாள் காலை பழைய பேப்பர் கடைக்காரர் மூச்சிரைக்க வந்தார். “அண்ணே, உங்க புத்தகத்தத் தராசுல வச்சா முள்ளே அசையல. கட்ட அவுத்தேன், எல்லாம் கூரையில போய் ஒட்டிக்கிச்சு. பேப்பர் மில்லு லாரி மத்தியானம் வருது, வல போட்டாவது புடிச்சிட்டுப் போயிருவானுங்க. அக்காகிட்ட சொல்லிட்டு ஓடி வாங்க.”

அக்காவிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “போங்க. ஒண்ணு கொறஞ்சாலும் இந்த வாசப்படி ஏறாதீங்க” என்றார்.

எடைமேடைக்காரர் துணிக்கொடிக் கயிறு, சணல், பாவாடை நாடா என்று கிடைத்ததையெல்லாம் எடுத்துப் போய், ஒவ்வொன்றாகக் கட்டிப் பிடித்தார். கடைத்தெரு வழியே வரும்போது அவர் கால் தரையில் இல்லை. பேருந்துகள் அவருக்குக் கீழே ஹாரன் அடித்துப் போயின. உள்ளங்கைத் தோல் உரிந்தும் ஒரு கயிற்றையும் விடவில்லை. கடைக்காரர் அவர் குதிகாலில் ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, திருவிழாப் பலூன் வாங்கிய குழந்தைபோல வாசல் வரை நடத்தி வந்தார்.

“மொதல்ல புத்தகம் உள்ள வரட்டும். நீங்க அப்படியே மெதங்க” என்றார் மனைவி.

அத்தனை கயிற்றையும் தாங்கும் கனமான பொருள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. வேண்டா வெறுப்பாக அந்தக் கருவியிலேயே கட்டினார்.

இன்றும் புத்தகங்கள் உத்தரத்தடியில் மிதக்கின்றன. கண்புரை வந்தபின் மனைவி தரையில் குப்புறப் படுத்துக் கருவியின் பூசணிக்காய் எழுத்தில் படிக்கிறார். பிழை கண்டால் உரிய கயிற்றை இழுத்து, இறங்கி வரும் புத்தகத்தில் சிவப்பு மையால் திருத்தி மேலே விடுகிறார். அந்தக் காலத்தில் தன் கண்ணுக்கே தப்பிய பிழைகளும் அந்தப் பெரிய எழுத்தில் மாட்டுகின்றன. அதற்காகவும் கணவரைத்தான் திட்டுகிறார். சார்ஜ் போடுவது அவர் பொறுப்பு. கூடத்தில் மின்விசிறி போடுவதில்லை. வேர்த்தால் எடைமேடைக்காரர் பழைய கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொள்கிறார்.