நசுங்கிய டிஸ்க்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் 'ஸ்க்ரூ அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. வேலையைக் குறித்த நேரத்தில் கொடுக்காத நாட்களில் 'ஸ்க்ரூ கழண்ட அக்கா' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். மாடியில் அவள் கடை. நேர் கீழே அவள் கொழுந்தனின் தையல் கடை.

அன்று காலை பதினொரு மணி வாக்கில் டீச்சர் படியேறி வந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துபவள். இடது கையில் தோளுக்குக் கொஞ்சம் கீழேயிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டு. ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. மேஜைமேல் அவள் வைத்த துணிப்பையில் ஒரு லேப்டாப், புத்தகத்தைப் பின்பக்கமாக மடித்த மாதிரி இருந்தது.

"மாடிப்படியில விழுந்துட்டேன்க்கா. லேப்டாப்பும் கூடவே விழுந்துடுச்சு."

ஸ்க்ரூ அக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். மூடியில் நாலு வட்டப் பள்ளங்கள். நாலும் ஒரே அளவு.

"படிக்கட்டு கையில சுத்தியல் வச்சிருந்துச்சா டீச்சர்?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கரும்பலகையில் கணக்குப் போடுகிற அதே குரலில், வரிசையாகச் சொன்னாள். லீவு போட்ட பிள்ளைகளுக்காகப் பாடம் பதிவு செய்துகொண்டிருந்தாளாம். கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அடித்து முடிக்கிற சமயத்தில்தான் திரையில் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். சுத்தியல் எடுத்தார். ஸ்டேஷனில் அவள் படியில் விழுந்ததாக எழுதிவிட்டார்கள். எழுதியவர் வீட்டுக்காரரிடம் கார் ஓட்டப் படித்தவர்.

வீட்டுக்காரர் யாரென்று ஸ்க்ரூ அக்காவுக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அதிர்ந்து பேசாத மனுஷன். கீழே இருக்கும் கொழுந்தனுக்கும் அவர்தான் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தார்.

"இது குடும்ப விஷயம் டீச்சர், எனக்கு எதுக்கு..." என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் கசிவதைப் பார்த்தாள். திருப்புளியை எடுத்தாள்.

ஸ்க்ரூக்களில் பாதி கழலவில்லை. அடித்தட்டை நெம்பித்தான் திறக்க வேண்டியிருந்தது. மதர்போர்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. டிஸ்க்கின் தகரக்கூடும் நசுங்கியிருந்தது. வெளியிலிருந்து மாட்டுகிற கேஸ் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தாள். உள்ளே டிஸ்க்கைச் சொருகி, ஒயரால் வேறு கம்ப்யூட்டரில் இணைத்தால், பென் டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும். ஆனால் நெளிந்த கூடு அந்தக் கேஸுக்குள் போக மாட்டேன் என்றது.

"போச்சாக்கா?"

"கூடு போச்சு. உள்ள இருக்கறதப் பாப்போம், இருங்க."

தகரத்தைப் பிரித்தாள். உள்ளே தீப்பெட்டி அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. கூட்டின் பாதி இடம் காலிதான். அடி முழுக்க அந்தக் காலி இடத்தில் விழுந்திருந்தது. பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. அடியில் அட்டைத்துண்டு ஒன்று வெட்டி வைத்து, பலகையை மட்டும் கேஸுக்குள் சொருகி, மூடி, ஒயரை மாட்டினாள். நீல விளக்கு எரிந்தது. திரையில் புதிதாக ஒரு டிரைவ் முளைத்தது.

டீச்சர் சொன்ன ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கப் போட்டாள். சின்னப் பதிவுகள் சட்டென்று வந்துவிட்டன. கடைசியாக இருந்த பெரிய பதிவுதான் நத்தை மாதிரி ஊர்ந்தது. அதுதானா என்று பார்க்கத் திறந்தாள். ஸ்பீக்கர் சத்தம் கூடுதலாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

திரையில் டீச்சர் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. "சாவி எங்க?" என்றது ஒரு மெல்லிய குரல். அதற்குப் பிறகு கேட்டதை ஸ்க்ரூ அக்கா எந்த நாளும் மறக்கப்போவதில்லை. கை முறிகிற சத்தம் விறகு முறிகிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. நாற்காலியில் இருந்த டீச்சர் நல்ல கையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

சத்தத்தை நிறுத்தக் கை நீட்டியபோது, வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்ன மனைவியின் ஆட்டோவைப் பின்தொடர்ந்து வந்து, அவள் இறங்குவாள் என்று தெருவிலேயே காத்திருந்திருக்கிறார். தன் குரலையேதான் படியேறி வரும்போது கேட்டிருக்கிறார்.

"வா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். பிறகு ஸ்க்ரூ அக்காவைப் பார்த்து, "அத எடுத்துக் குடுங்க" என்றார்.

"வெளிய போங்க மாஸ்டர்."

அவர் ஒயரைப் பிடித்தார். அவள் கேஸின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவ்வளவுதான். அவள் கொண்டை அவர் கைக்குள் போனது. மேஜை விளிம்பு மேலே எழும்பி வருவது மாதிரி இருந்தது. முதல் தடவை உதடு கிழிந்தது. இரண்டாவது தடவை முன்பல் ஒன்று கீபோர்டுமேல் விழுந்தது. மூன்றாவது தடவைக்கு அவள் கை தானாகத் தளர்ந்தது. அவர் கேஸைப் பிடுங்கித் தரையில் போட்டு, பூட்ஸ் குதிகாலால் நிதானமாக மிதித்தார். பிளாஸ்டிக் உடைந்தது. பிறகு பலகை உடைந்தது. நகல் எடுப்பது பாதியிலேயே நின்றது.

கீழே கொழுந்தனுக்கு எல்லாம் கேட்டது. முதலில் கேட்டது பதிவின் அலறல். 'அண்ணி ஏதோ அடிதடிப் படம் பாக்குறாங்க' என்று சிரித்துக்கொண்டே சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தான். அதனால் நிஜ அலறலும் அவனுக்குப் படமாகவே கேட்டது.

மேலே, மாஸ்டர் மனைவியைக் கட்டுப்போட்ட கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். அவள் முதலில் இழுபட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, இழுத்த பக்கமே பாய்ந்து, மாவுக்கட்டோடு கையைச் சுழற்றி அவர் மூக்கில் இறக்கினாள். மூக்கு சப்பென்று உடைந்தது. கட்டு விரிசல் விட்டது. உள்ளே பொருத்தி வைத்திருந்த எலும்பும் மறுபடி விலகியது. அவள் கத்திய கத்தல் பதிவில் இருந்ததைவிடப் பெரியது.

மாஸ்டர் முகமெல்லாம் ரத்தத்தோடு அவளை அலமாரியில் சாய்த்துக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தார். மானிட்டர்கள் சரிந்து விழுந்தன. அவள் கால் தரையை விட்டு எழும்பியது. அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. "பேசாம இருந்திருக்கலாம்ல? பேசாம இருந்திருக்கலாம்ல?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஸ்க்ரூ அக்கா தரையிலிருந்து எழுந்தாள். ஒரு கண்ணில் ரத்தம் இறங்கி மறைத்தது. காலையில் வேறொரு வேலைக்காகச் சூடேற்றி வைத்திருந்த, ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் ஸ்டாண்டில் அப்படியே இருந்தது. எடுத்தாள். அவர் காதுக்குக் கீழே, கழுத்தும் தாடையும் சேரும் இடத்தில் வைத்து அழுத்தினாள்.

சீறியது. நாற்றம் வந்தது. அவர் கைகள் டீச்சரின் கழுத்தை விட்டன. டீச்சர் சாக்கு மூட்டை மாதிரிச் சரிந்து, இருமி, மூச்சை இழுத்தாள். அவர் மண்டியிட்டார். பிறகு மல்லாந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

ஸ்க்ரூ அக்கா கையை எடுக்கவில்லை. அவர் விழ விழ அவளும் கூடவே குனிந்தாள். மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டாள்.

அந்தக் கத்தல் ஆணுடையது என்பதால்தான் கொழுந்தனுக்கு உறைத்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தவன், கதவருகில் கல்லாகிப் போனான்.

"மாஸ்டர்... நீங்களா?" என்றான். பிறகுதான் மேலே இருப்பது யார் என்று பார்த்தான். "அண்ணி! அண்ணி, போதும்! விடுங்கண்ணி!"

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துத்தான் அவனால் பிரிக்க முடிந்தது. அதற்கு அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

போலீஸ் வந்தது. இந்தத் தடவை படிக்கட்டில் விழுந்ததாக யாரும் எழுத முடியவில்லை. டீச்சருக்குக் கையில் தகடு வைத்துத் தைத்தார்கள். மாஸ்டருக்குத் தாடையோரம் எரிந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உடைந்த பலகையை ஒட்டவைத்து உயிர் கொடுக்க முடியாது என்று ஸ்க்ரூ அக்காவுக்குத் தெரியும். பாதியில் நின்ற நகலோடுதான் மூன்று நாள் மல்லுக்கட்டினாள். முதலில் வந்திருந்த சின்னப் பதிவு ஒன்றை மாதிரியாக வைத்து, கடைசியில் எட்டு நிமிஷத்தை ஓடவைத்தாள். கதவு திறப்பதும், சாவி கேட்பதும், முதல் நாலு அடியும் அதில் இருந்தன. கை முறிகிற இடம் இல்லை. அந்த எட்டு நிமிஷமும், கொழுந்தன் கீழிருந்து கேட்டதும், வந்து பார்த்த காயங்களும் போதுமானதாக இருந்தன. மாஸ்டருக்கு ஆறு வருஷம் கிடைத்தது.

அவள்மேலும் ஒரு வழக்குப் போட்டிருந்தார்கள். "ஒரு செகண்ட்தான் வச்சேன்னு சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். டீச்சரும் அதையே சொன்னாள். "நீங்க இல்லன்னா நான் இல்லக்கா. ஒரு வார்த்தைதானே, மாத்திச் சொன்னா என்ன?"

நீதிபதி கேட்டார். "அவர் கழுத்தை விட்டுட்டார். கீழேயும் விழுந்துட்டார். அதுக்கப்புறமும் ஏம்மா எடுக்கல?"

ஸ்க்ரூ அக்கா, பல் போன இடத்தில் நாக்கை ஒரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"எடுக்கணும்னு தோணலங்க" என்றாள்.

வக்கீல் தலையில் கை வைத்தார். நீதிபதி பேனாவை மூடி வைத்தார். பிறகு, உயிரைக் காப்பாற்றச் செய்த காரியம் என்று சொல்லி அவளை விட்டுவிட்டார்.

வெளியே வராந்தாவில் டீச்சர் நேராகாத கையால் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸ்க்ரூ அக்காவுக்கு அழுகை வரவில்லை. கொழுந்தன் வண்டியை எடுக்கப் போயிருந்தான். அவன் வருகிற வரைக்கும் அவள் தன் வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.