மெஷிமிவா வீட்டு அடக்கம்

சனிக்கிழமையானால் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் அடக்கம் நடந்தாலும் முதல் வரிசை நாற்காலியில் வெகுலோ உட்கார்ந்திருப்பார். இந்தச் சனிக்கிழமை அடக்கம் அவர் வீட்டிலேயே. குழிக்குள் போகப்போவது அவருடைய ஒரே மகள் நஃபுனா.

காலையில் அவருடைய கோட்டைத் தேய்த்துக்கொண்டே மனைவி நாலியாக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இன்னிக்கு ஒரு நாளாவது அவளுக்கு அப்பாவா நின்னு நாலு வார்த்தை பேசுங்க. அரசியல் வேண்டாம்.”

“இதைச் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அவ என் பொண்ணு” என்றார். குரல் உடைந்துவிட்டது. நாலியாக்கா நம்பினாள்.

அவர்களுடைய பூகுசு இனத்து வீடுகளில் தலைப்பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களின் பெயர் காணாமல் போய்விடும். நாலியாக்கா ‘மாமா நஃபுனா’ ஆனாள்; அவர்கள் பேச்சில் மாமா என்றால் அம்மா. அவர் ‘பாபா நஃபுனா’, நஃபுனாவின் அப்பா. வார்டு உறுப்பினராக அவர் ஜெயித்த நாளோடு அந்தப் பெயரும் போனது. ஊருக்கே அவர் மெஷிமிவா ஆனார், அதாவது மாண்புமிகு. இந்தப் பட்டம் ஒரு விசித்திரமான சரக்கு. பதவி போனாலும் போகாது. அடுத்த தேர்தலில் தோற்றார், அதற்கடுத்ததிலும் மண்ணைக் கவ்வினார். ஆனாலும் கடைத்தெருவில் பைக் ஓட்டும் பையன்கள் “மெஷிமிவா!” என்று கூவினால் போதும், மனிதர் குளிர்ந்து போய்ச் சட்டைப்பையில் கையை விட்டுக் காசை எடுத்துவிடுவார். பையன்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

விருந்தாளிகள் முன்னால் அப்படிக் கூப்பிடச் சொல்லி மனைவியிடம் கேட்டுக்கொண்டார். அவளும் கூப்பிட்டாள். நாளடைவில் அடுப்படியிலும் அதுவே வாயில் வந்தது. நஃபுனா முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தாள். “மெஷிமிவா, உகாலிக் களி ஆறுது, பேச்சை முடிச்சிட்டு வாங்க!” என்பாள். கேலி பழகிப்போய் அப்பா என்ற சொல்லே வீட்டில் இல்லாமல் போயிற்று. போன சனிக்கிழமை ஆஸ்பத்திரியில், இரத்தம் சுண்டிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு, “மெஷிமிவா வரலியாம்மா?” என்றுதான் கேட்டாள். அவர் அப்போது வேறு யாருடைய அடக்கத்திலோ மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  இனி மெஷிமிவா என்ற சொல்லைத் தன் வாயால் சொல்வதில்லை என்று நாலியாக்கா முடிவெடுத்திருந்தாள்.

மதியம் பந்தல் நிரம்பியது. எம்.பி.யே வந்துவிட்டார், பின்னால் வரிசையாகக் கார்கள். கூட்டத்தை நடத்துகிறவன் மைக்கைத் தட்டினான்.

“அடுத்து, நம்ம மெஷிமிவா பேசுவாரு!”

வெகுலோ எழுந்து வந்தார். பெட்டியைப் பார்த்தார். “என் மகள்...” என்றார். நாலியாக்கா மடியில் கைகளை இறுக்கிக்கொண்டாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவர் கண் முதல் வரிசைக்குப் போனது. அந்தப் பக்கத்தில் மேடையேறுகிறவன் பதவிப்படி மேலிருந்து கீழாக, ஒருவரை விடாமல் பெயர் சொல்லி வணங்கிவிட்டுத்தான் பேச வேண்டும். ஒருவரை விட்டாலும் ஊர்ப்பகை. “மாண்புமிகு எம்.பி. அவர்களே” என்று ஆரம்பித்தார். பிறகு நாக்கு தானாக ஓடியது. தலைவர்கள், ஆயர்கள், மாதர் சங்கம், கட்சிப் பிள்ளைகள், பாதியில் நிற்கும் பாலம், வரப்போகும் ஆகஸ்ட் தேர்தல். கூட்டம் கைதட்டியது. கைதட்டக் கைதட்ட அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நஃபுனாவின் பெயர் அந்தப் பேச்சில் வரவேயில்லை.

“பொண்ணைப் பெட்டில வச்சிக்கிட்டு ஓட்டு கேக்குறாரே, இவரெல்லாம் மனுஷனா?” என்றாள் பக்கத்து வீட்டு நெலிமா.

“விடு நெலிமா” என்றாள் நாலியாக்கா. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வாழைத்தோப்பு ஓரம் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். முதல் பிடி மண் தகப்பன் போட வேண்டும். அவர் போடாமல் வேறு யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள்.

“பாபா நஃபுனா, முன்னால வாங்க” என்றார் பாஸ்டர்.

யாரும் வரவில்லை. கொஞ்சம் தள்ளி இளவட்டங்கள் நடுவில் நின்று வெகுலோ ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். பாஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார், இன்னும் உரக்க. வெகுலோவும் மற்றவர்களைப் போலவே சத்தம் வந்த பக்கம் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்துவிட்டு, அடுத்த கையைப் பிடித்தார்.

மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. மண்வெட்டிக்காரர்கள் நாலியாக்காவைப் பார்த்தார்கள். மகளை இப்படித் திறந்த குழியில் காக்க வைக்க அவளால் முடியவில்லை.

“மெஷிமிவா!” என்று கூப்பிட்டாள்.

சட்டென்று திரும்பினார். முகம் நிறையச் சிரிப்பு, கை பாதி உயர்ந்திருந்தது. கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும் சிரிப்பு வாடியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவள் ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“பாஸ்டர் கூப்பிட்டாரே, யாரை?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பாபா நஃபுனாவை.”

வெகுலோ குழிக்குள் பார்த்தார். “அது... நான்தானே” என்றார்.

அவர் அழ ஆரம்பித்தார். பாஸ்டர் ஜெபத்தை முடித்தார், மழையும் தொடங்கிவிட்டது. மண்ணை இறுக மூடிய விரல்களை மட்டும் அவர் திறக்கவேயில்லை.