மூன்றில் மட்டும் முடியக்கூடாது

புதன்கிழமை மதியம் நாடின் செய்த காரியத்துக்கு ஊரில் அவசரக்குடுக்கைத்தனம் என்று பெயர். அவளைக் கேட்டால் சுறுசுறுப்பு என்றிருப்பாள், அதுவும் அன்று சாயங்காலம் வரைக்கும்தான்.

ரீனோவில் ஒரு பழைய சூதாட்ட விடுதி. அதன் பந்தயப் பிரிவில், ஜன்னலுக்குப் பின்னால் நின்று சீட்டு எழுதிக் கொடுத்தே அவளுடைய இளமை போய்விட்டது. இந்தப் பருவம் தொடங்கும்போதுதான் மேலாளர் ஆர்லோ அவளை உள்ளே கூப்பிட்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கோடு போடும் மேசையில் உட்கார வைத்தார். ஜனவரியில் அவர் ஓய்வு பெறுகிறார். அதுவரை தாக்குப்பிடித்தால் மேசை அவளுக்கு. சறுக்கினால் திரும்பவும் ஜன்னல்.

அந்த வாரம் அமெரிக்கக் கால்பந்தில் மில்வாக்கி அணியும் போர்ட்லண்ட் அணியும் மோதின. மில்வாக்கிதான் பலசாலி. அதனால் திங்கட்கிழமை அவள் போட்ட கோடு மூன்றரைப் புள்ளி. அதாவது, மில்வாக்கிமேல் கட்டியவனுக்குக் காசு வரவேண்டுமானால் அந்த அணி குறைந்தது நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். மூன்றில் ஜெயித்தால், தோற்ற போர்ட்லண்டின்மேல் கட்டியவனுக்குக் கொண்டாட்டம். விவரமான ஆட்கள் போர்ட்லண்டின்மேல் நிறையவே கட்டினார்கள்.

புதன்கிழமை யாரோ ஒரு நிருபர், மில்வாக்கியின் ஆட்டத்தையே நடத்தும் குவார்ட்டர்பேக் ஹால்வர்சன் பயிற்சிக்கு வரவில்லை என்று செய்தி போட்டான். நாடின் அதை ஒருமுறைதான் படித்தாள். அவன் தோளில் அடிபட்டிருந்தால்? இந்தத் தொழிலில் பிந்துவதைவிடப் பெரிய பாவம் இல்லை. சட்டென்று கோட்டை இரண்டரைக்கு இறக்கினாள். மூன்றரையில் எழுதிய பழைய சீட்டுகள் அப்படியே செல்லும்; புதுச் சீட்டுக்கோ மில்வாக்கி மூன்றில் ஜெயித்தாலே காசு.

ஹால்வர்சனுக்கு வயது முப்பத்தெட்டு. பருவம் பாதி தாண்டினால் வயதான ஆட்டக்காரர்களுக்குப் புதன்கிழமை ஓய்வு கொடுப்பது எல்லா அணிகளிலும் வழக்கம். இது குழந்தைக்கும் தெரியும், நாடினுக்கும் தெரியும். பயம் வந்தால் தெரிந்தது எங்கே ஞாபகத்துக்கு வருகிறது? அணியின் அறிக்கை "ஓய்வு" என்று வருவதற்குள், மூக்கில் வேர்த்தவர்கள் எல்லாரும் இரண்டரையில் மில்வாக்கிமேல் கொட்டிவிட்டார்கள். அவள் கோட்டை மறுபடி மூன்றரைக்கு ஏற்றியபோது காரியம் கைமீறியிருந்தது.

ஆர்லோ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"ஓய்வு நாள்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் ஆர்லோ. நாம பிந்திட்டா என்ன ஆகுமோன்னு..."

"பதறுனா செதறும். சரி, விடு. வேற எந்தக் கணக்குல முடிஞ்சாலும் ஒரு பக்கத்துக் காசை எடுத்து இன்னொரு பக்கத்துக்குக் குடுத்துடலாம். சரியா மூணுல முடிஞ்சா ரெண்டு பக்கமும் ஜெயிச்சிடுவாங்க. மூணு மட்டும் வரக்கூடாதுன்னு வேண்டிக்க."

வேண்டிக்கொள்வது சுலபம். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் மூன்று புள்ளி. இழுபறி ஆட்டங்கள் பாதிக்குமேல் அந்த உதையில்தான் தீர்கின்றன. இந்த விளையாட்டில் மூன்றைப் போல அடிக்கடி வருகிற வித்தியாசம் வேறில்லை. சனிக்கிழமை வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பெரிய திரையில் ஆட்டம் ஓடும் பந்தயக் கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் லெஸ்டர், ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், ஹாட் டாக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் இரண்டு சீட்டு: மூன்றரையில் போர்ட்லண்ட், இரண்டரையில் மில்வாக்கி.

"நாடின் அம்மணி, உங்க தயவுல இன்னிக்கு எனக்கு ரெண்டு பொண்டாட்டி. ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தா சரி."

"வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசுங்க லெஸ்டர். சிந்துது."

சிரித்துத்தான் சொன்னாள். கண் மட்டும் திரையைவிட்டு நகரவில்லை.

கடைசி இரண்டு நிமிடம். மில்வாக்கி இருபத்தேழு, போர்ட்லண்ட் இருபத்து நான்கு. பந்து மில்வாக்கியிடம். எல்லாரும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஆர்லோ அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஹால்வர்சன் பந்தை பிக்ஸ் என்ற ஓட்டக்காரனிடம் கொடுத்தான். பந்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ள நாலு கெஜம் கிடைத்தாலே அவர்களுக்குப் போதும். பிக்ஸ் ஒருவனைத் தட்டினான், இன்னொருவனைத் தாண்டினான், வெளியே வந்துவிட்டான். முன்னால் ஓர் ஆள் இல்லை. வெறும் புல். அவன் எல்லையைத் தொட்டால் இன்னும் ஆறேழு புள்ளி சேர்ந்து வித்தியாசம் ஒன்பதோ பத்தோ.

நாடின் எழுந்து நின்றுவிட்டாள். வாய்விட்டே சொன்னாள்: "ஓடு ராசா, ஓடு."

லெஸ்டர் தலையில் கைவைத்தார்.

பிக்ஸ் இருபது கெஜக் குறியைத் தாண்டினான். பத்தைத் தாண்டினான். எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்த்து, பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிதானமாக மண்டியிட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லையைத் தொட்டால் பந்து போர்ட்லண்ட் கைக்குப் போகும். தொடாமல் உட்கார்ந்தால் கடிகாரம் தானாக ஓடித் தீர்ந்துவிடும், வெற்றி நிச்சயம். நல்ல பயிற்சியாளர் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். புத்திசாலிப் பிள்ளை. அவளுக்கு அவனைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

ஹால்வர்சன் பந்தை வாங்கி மண்டியிட்டான். இன்னொருமுறை வாங்கி மண்டியிட்டான். கடிகாரம் ஓடி நின்றது. மூன்றேதான்.

கூடத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூச்சல் எழுந்தது. எதிரெதிராகக் கட்டியவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நாடின் ஆர்லோவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கோபமாக இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"ஜன்னல்ல கூட்டம் நிக்குது. போய்க் கொஞ்சம் பாரு," என்றார்.

"இன்னிக்கு மட்டுமா?"

அவர் நாற்காலியை மேசையோடு சேர்த்துத் தள்ளினார். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்தாப் போதும். ஜன்னல் அப்பத்தான தெறப்பாங்க."

அவள் போய் ஜன்னலைத் திறந்தாள். முதல் ஆளாக லெஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இரண்டு சீட்டையும் கண்ணாடிக்கு அடியில் மெதுவாக நகர்த்தினார். நாடின் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.